இந்திய டெஸ்ட் அணியின் நலிந்த காலம்: 1958–59

இந்திய டெஸ்ட் அணியின் நலிந்த காலம் எது என்று கேட்டால், 1974-இல் லார்ட்ஸில் 42 ஓட்டங்களுக்குச் சுருண்டதைப் பலர் சொல்வர். அது ஓர் இன்னிங்ஸின் சரிவு மட்டுமே. 1958 நவம்பர் முதல் 1959 ஆகஸ்ட் வரை நடந்ததே உண்மையான நலிவு. மேற்கிந்தியத் தீவுகள், இங்கிலாந்து ஆகிய அணிகளுடன் ஆடிய 10 டெஸ்டுகளில் 8 தோல்வி, 2 சமநிலை. கல்கத்தாவில் இன்னிங்ஸ் மற்றும் 336 ஓட்டங்களில் தோற்றோம்.

ஹால், கில்கிறிஸ்ட், ட்ரூமன் ஆகியோரின் வேகத்துக்கு நம்மவர் ஈடுகொடுக்கவில்லை என்பர். அது பாதி உண்மைதான். அணியில் திறமைக்குக் குறைவில்லை. கான்பூரில் சுபாஷ் குப்தே ஒரே இன்னிங்ஸில் 9 விக்கெட் எடுத்தார். டெல்லியில் போர்டே 109, 96 ஓட்டங்கள் குவித்தார்.

குறை நிர்வாகத்தில் இருந்தது. அந்த 10 டெஸ்டுகளுக்கு 6 தலைவர்கள்! அணித் தேர்வில் எழுந்த பிணக்கால், சென்னை டெஸ்ட் தொடங்கும் தறுவாயில் உம்ரிகர் தலைமையைத் துறந்தார். மங்கத் பொறுப்பேற்றார்; 295 ஓட்டங்களில் தோல்வி.

1959 டிசம்பரில் அதே கான்பூரில் ஆஸ்திரேலியாவை 119 ஓட்டங்களில் வென்றோம். ஜசு பட்டேல் 14 விக்கெட் வீழ்த்தினார். உம்ரிகர், போர்டே, காண்ட்ராக்டர் ஆகிய பழைய முகங்களே ஆடினர். ஆனால் அத்தொடரின் 5 டெஸ்டுகளுக்கும் ராம்சந்த் ஒருவரே தலைவர். தொடரை 1–2 என இழந்தாலும் அணி தலைநிமிர்ந்தது.

ஆகவே, ஓர் அணியின் நலிவை எடைபோடும் மாணவர்கள் ஓட்டப் பட்டியலோடு நின்றுவிடாமல், தலைவர்கள் எத்தனை முறை மாற்றப்பட்டனர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.