வலையும் காற்றும்: திருமறைத் தமிழில் கடற்புறச் சொற்கள்

நம் ஆண்டவர் முதற்சீடரை அழைத்தது ஒரு கடற்கரையில். ஆயினும் நமது பிரசங்க பீடத்துத் தமிழ், வயலிலும் பனங்காட்டிலும் வளர்ந்த தமிழ். மன்னார் வளைகுடா, கன்னியாகுமரிக் கடலோரங்களின் மீனவரில் மிகப் பெரும்பாலோர் பதினாறாம் நூற்றாண்டு முதல் உரோமன் கத்தோலிக்க சபையைச் சார்ந்தவர்களாகையால், அவர்தம் வழக்குச் சொற்கள் நம் செவிக்கு அதிகம் எட்டவில்லை. இதனால் நாம் இழந்தது யாது என்பதை இரண்டு எடுத்துக்காட்டுகளால் ஆராய்வோம்.

முதலாவது, வலை. மத்தேயு 4:18இல் சீமோனும் அந்திரேயாவும் போட்டது 'ஆம்ஃபிபிளேஸ்ட்ரோன்'. மத்தேயு 13:47இன் உவமையில் வருவது 'சகேனே'. லூக்கா 5ஆம் அதிகாரத்தில் வருவது 'திக்துவோன்' என்னும் பொதுச்சொல். 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழிவந்து இன்றும் நம் சபைகளில் வாசிக்கப்படும் திருப்புதல், இம்மூன்றையும் 'வலை' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. கடற்புறத்தாரோ இவற்றைக் குழப்புவதில்லை. ஒருவன் தனியே நின்று வட்டமாக விரித்தெறிவது வீச்சுவலை. படகில் கொண்டுசென்று கடலை வளைத்து இறக்கி, இரு பக்கக் கயிறுகளையும் கரையில் நின்று பலர் கூடி இழுப்பது கரைவலை. குமரிக் கடற்கரையில் அதனைக் கரைமடி என்பர்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. பரலோக ராஜ்யத்தின் வலையை வீச்சுவலையாக எண்ணுகிற பிரசங்கியார், ஒரு சுவிசேஷகனின் தனித் திறமையைப் போற்றுவதில் முடிக்கிறார். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே பிரசங்கித்ததுண்டு. உவமை கூறுவதோ கரைவலையை. அதை இழுக்க ஊரே வேண்டும். மடியில் விழுவதை அது தெரிந்தெடுப்பதில்லை. நல்லதும் ஆகாததும் ஒன்றாகவே கரையேறுகின்றன. கரையில் உட்கார்ந்து பிரிக்கும் வேலையை 49ஆம் வசனம் தேவதூதருக்கே உரியதாக்குகிறது. சபையில் இன்னார் தகுதியுடையார், இன்னார் தகுதியற்றார் என்று கடலின் நடுவிலேயே பிரிக்கப் புகும் நமக்கு இது கடுமையான எச்சரிப்பாகும்.

இரண்டாவது, காற்று. லூக்கா 12:55இல் வெப்பத்தைக் கொண்டுவரும் 'நோத்தொஸ்' என்னும் தென்காற்று, நம் திருப்புதலில் 'தென்றல்' ஆயிற்று. தென்றல் என்றதும் தமிழர் உள்ளத்தில் எழுவது இளவேனிலின் குளிர்ச்சியே. ஆகவே அவ்வசனம் கேட்போர்க்குப் புதிராகிறது. யாழ்ப்பாணக் கடலோடிகள் தென்திசைப் பெருங்காற்றைச் சோழகம் என்பர். மட்டக்களப்பில் வறண்டு சுடும் மேல்காற்று கச்சான் எனப்படும். திசை வேறாயினும், லூக்கா கூறும் வெப்பத்தை மட்டக்களப்புச் சபைக்கு உணர்த்தக் கச்சான் என்ற ஒரு சொல் போதும்.

மொழிபெயர்ப்பாளர் கடற்சொல்லை அறவே புறக்கணித்தனர் என்றல் நியாயமன்று. 'காதீம்' என்னும் எபிரேயச் சொல் யோனா 4:8இல் கீழ்காற்றாகவும், கப்பல்கள் உடைபடும் சங்கீதம் 48:7இல் கொண்டலாகவும் வருகிறது. கொண்டல் கடலோடிகள் நன்கறிந்த பெயர். மேலும், எல்லாத் தமிழர்க்கும் பொதுவான வேதாகமத்தில் ஒரு கரையின் சொல்லை மட்டும் ஏற்றுவதும் எளிதன்று. சோழகம் கோயம்புத்தூரில் விளங்காது. ஆகையால் 'வலை' என்ற பொதுச்சொல்லைப் பிழையென்று நாம் கூறோம். ஆனால் மொழிபெயர்ப்பு விட்ட இடத்தை விரிவுரையும் பிரசங்கமும் நிரப்பியிருக்க வேண்டும், அக்குறை நம்முடையதே.

புனைகதை ஆசிரியர்கள் இதில் நம்மை முந்திக்கொண்டனர். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977லும், ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' 2004லும் வெளிவந்தன. நெய்தல் நில மக்களின் பேச்சு இலக்கியத்திற்குத் தகுமாயின், திருமறை விளக்கத்திற்கு ஏன் தகாது? அதனைக் கொச்சை என்று ஒதுக்கும் இறையியல் மாணவர், கிரேக்க அகராதியைத் திறக்குமுன் ஒருநாள் கரைவலை இழுப்போர் அருகே நின்று கேட்பாராக. முதற்சீடரின் தொழிலை அறிந்தோர் இன்னும் அங்கே இருக்கின்றனர்.