புதிய பூவுக்குப் பெயர் மட்டும் போதுமா?

கனகாம்பரம் என்னும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கனகம் என்றால் பொன். அம்பரம் என்றால் ஆடை. பொன்னாடை என்று பெயர் கொண்ட இந்தப் பூ, பட்டாடைக்குப் பெயர்போன காஞ்சிபுரத்தில் கோயில் வாசல் பூக்கடைகளில் மல்லிகையோடு சேர்த்துக் கட்டப்பட்டு முழக் கணக்கில் விற்கிறது. இதற்கு மணம் கிடையாது. எடையும் மிகக் குறைவு. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 15,000 பூக்கள் வேண்டும். மணமும் எடையும் இல்லாத ஒரு பூ சந்தையில் நிலைத்து நிற்கிறதென்றால், அதற்குக் காரணம் அதன் நிறமும், விரைவில் வாடாத தன்மையுமே ஆகும்.

இத்தகைய பூவில் புதிய ரகம் ஒன்று வெளிவரும்போது நாம் என்ன எழுதுகிறோம்? "கண்ணைக் கவரும் நிறம், அதிக விளைச்சல், நல்ல விலை" என்கிறோம். இந்த மூன்று தொடர்களையும் அப்படியே எடுத்துச் சாமந்திக்கு ஒட்டலாம், ரோஜாவுக்கும் ஒட்டலாம். எந்தப் பூவுக்கும் பொருந்துகிற வருணனை எந்தப் பூவையும் அடையாளம் காட்டாது. புதிய ரகத்தை உருவாக்குவதில் நம் நாட்டு விஞ்ஞானிகள் காட்டும் உழைப்பில் ஒரு பகுதியைக்கூட, அதைத் தமிழில் விவரிப்பதில் நாம் காட்டுவதில்லை. இதுவே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு. இது வெறும் நடை பற்றிய குறை அன்று. இதனால் நட்டமடைபவர் கால் ஏக்கர், அரை ஏக்கரில் பூச்செடி வைப்பவர்.

சோதிக்கக்கூடிய சொல்

எடுத்துக்காட்டாக, 'டெல்லி கனகாம்பரம்' என்னும் ரகத்தை எடுத்துக்கொள்வோம். இதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் முதலில் சொல்வது, "அடர்ந்த ஆரஞ்சு நிறப் பூக்கள்" என்பது. இது உண்மைதான். ஆனால் எவ்வளவு அடர்த்தி? எதைவிட அடர்த்தி? வாங்குபவர் இரண்டு செடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலன்றி இச்சொல்லால் பயனில்லை.

இந்த ரகத்தின் உண்மையான தனிச்சிறப்பு வேறொன்று. இது மும்மயத் தாவரம். பெரும்பாலான உயிர்களின் உடற்செல்லில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக இருக்கும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இனச்செல்கள் உண்டாகும்போது இவை இணை சேர்ந்து, பின் சரிபாதியாகப் பிரியும். மும்மயத் தாவரத்திலோ மூன்று தொகுதிகள் இருக்கின்றன. மூன்றைச் சரிபாதியாகப் பிரிப்பது எவ்வாறு? பிரிவினை தாறுமாறாகிறது; வளமான மகரந்தமும் சூலும் உண்டாவது அரிதாகிறது; விதை கட்டுவதில்லை. நாம் உண்ணும் வாழைப்பழத்தில் விதை இல்லாததற்கும் இதுவே அடிப்படை. 11 குரோமோசோம்கள் கொண்ட தொகுதிகள் மூன்று சேர்ந்து, அதன் செல்லில் 33 உள்ளன.

ஆகவே டெல்லி கனகாம்பரத்தை விதையிட்டு வளர்க்க முடியாது. தண்டுக் குச்சியை வேர்பிடிக்கச் செய்தே பெருக்க வேண்டும். சாதாரண ஆரஞ்சுக் கனகாம்பரமோ விதை கட்டும். அதன் முற்றிய காய் நீர் பட்டவுடன் படீரென்று வெடித்து விதைகளைச் சிதறும். இதைச் சிறுவர்கள்கூட அறிவார்கள்.

இப்போது நினைத்துப் பாருங்கள். "டெல்லி ரகம் விதை கட்டாது, குச்சியிலிருந்துதான் வரும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால், வாங்குபவர் கையில் ஒரு சோதனைக் கருவி கிடைத்துவிடுகிறது. நாற்றங்காலில் உள்ள தாய்ச்செடிகளில் காய்கள் குலுங்குகின்றனவா என்று பார்க்கலாம். பையிலுள்ள கன்றின் மண்ணை மெல்ல விலக்கிப் பார்க்கலாம். விதையிலிருந்து வந்த கன்றுக்கு ஆணிவேர் இருக்கும். குச்சியிலிருந்து வந்ததற்கு ஆணிவேர் இராது. வெட்டுவாயை ஒட்டிப் பக்கவேர்கள் கொத்தாகக் கிளம்பியிருக்கும். ஆணிவேரோடு ஒரு கன்று 'டெல்லி' என்று விற்கப்பட்டால் அது டெல்லி அன்று. நுண்ணோக்கியும் வேண்டாம், பட்டமும் வேண்டாம்.

கனகாம்பரம் ஒருமுறை நட்டால் இரண்டு, மூன்று ஆண்டுகள் பூக்கும் பயிர். தவறான கன்றை நட்டவர் அதைத் தெரிந்துகொள்ளும்போது பருவம் கடந்திருக்கும், பணமும் போயிருக்கும். அந்த ஒரு வரி எழுதப்படாததன் விலை இதுதான்.

நிறத்தை எழுதுவது எப்படி?

நிறம் பற்றி இயற்பியல் சொல்வதையும் சற்றுக் கேட்போம். ஏறத்தாழ 590 முதல் 620 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியை நாம் ஆரஞ்சு என்று உணர்கிறோம். ஆனால் ஒரு பூ ஒரே அலைநீளத்தை மட்டும் அனுப்புவதில்லை. விழும் ஒளியில் நீலப் பகுதியைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொண்டு, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பகுதிகளை வெவ்வேறு அளவில் எதிரொளிக்கிறது. எந்த அலைநீளத்தில் எவ்வளவு எதிரொளிப்பு என்று வரையும் கோடுதான் அப்பூவின் நிறத்துக்கு முழுமையான சான்று.

விழும் ஒளி மாறினால் தோற்றமும் மாறும். காஞ்சிபுரத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புடவையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து கோர்க்கப்படும் ஊரில், சாயமிட்ட நூலை மாதிரி நூலோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது தொழிலின் பாலபாடம். கடையின் குழல்விளக்கில் ஒன்றாகத் தோன்றிய இரண்டு நூல்கள் தெருவுக்கு வந்ததும் வேறாகிவிடலாம். அவற்றின் எதிரொளிப்புக் கோடுகள் வேறு. அந்த ஒரு விளக்கின்கீழ் மட்டும் கண் ஏமாந்தது.

'மயில் கழுத்து', 'அரக்கு', 'எம்.எஸ். நீலம்' என்று பட்டுக்கடையில் பெயர் சொல்லிக் கேட்கிறோம். இப்பெயர்கள் அழகானவை. ஆயினும் சாயப் பட்டறையில் பெயரை மட்டும் நம்பி யாரும் சாயம் காய்ச்சுவதில்லை. மாதிரி நூல் கூடவே வருகிறது. பூ ரகங்களுக்கும் அத்தகைய மாதிரி உண்டு. லண்டனிலுள்ள அரச தோட்டக்கலைக் கழகம் 1966-இல் வெளியிட்ட நிற அட்டவணை பின்னர் விரிவாக்கப்பட்டு, இன்று 900-க்கும் மேற்பட்ட நிறங்களைக் கொண்டுள்ளது. விசிறிபோல விரியும் அட்டைகள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண்ணும் எழுத்தும். நடுவே சிறு துளை. துளையின் பின்னே இதழை வைத்துப் பகல் வெளிச்சத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும். எந்த எண் பொருந்துகிறது என்று எழுதிவிட்டால் பெங்களூரில் எழுதியதைக் காஞ்சிபுரத்தில் சரிபார்க்கலாம்.

"படம் போட்டால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். போதாது. கைப்பேசிக் கேமரா ஒளிக்கு ஏற்பத் தானே படத்தின் நிறத்தைத் திருத்திக்கொள்கிறது. அச்சு மை இன்னொரு முறை மாற்றுகிறது. படம் அலங்காரத்துக்கு உதவும், சாட்சி சொல்லாது.

பாராட்ட வேண்டியதும் உண்டு

எல்லா வருணனைகளும் வெறுமையானவை என்று சொல்வது நியாயமாகாது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 பிச்சி ரகத்தைப் பற்றி, "பூக்குழல் நீண்டது, பறிக்க எளிது" என்று சொல்லப்படுகிறது. இது நல்ல வருணனை. அளந்து பார்க்கக்கூடியது, விடியலில் மொக்குப் பறிக்கும் கைகளுக்கு அதன் பயன் உடனே தெரியும். அதே பல்கலைக்கழகத்தின் 'பாரி முல்லை' என்ற பெயர், முல்லைக்குத் தேர் ஈந்த வள்ளலை நினைவூட்டுகிறது. அந்த ரகம் முல்லையைத் தாக்கும் சிலந்திப் பேனைத் தாங்கும் என்ற குறிப்பும் உடன் தரப்படுகிறது. பெயரும் பொருளும் சேர்ந்து வருவதற்கு இது எடுத்துக்காட்டு.

பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் இரண்டு கனகாம்பர ரகங்களுக்கு 'அர்க்கா கனகா', 'அர்க்கா அம்பரா' என்று பெயர். பூவின் பெயரையே இரண்டாகப் பிரித்துச் சூட்டியது போல் இருக்கிறது. ரசிக்கத்தக்க பெயர்கள். ஆனால் கனகாவை அம்பராவிலிருந்து எவ்வாறு பிரித்தறிவது என்பதைப் பெயர் சொல்லாது. அதைச் சொல்வது எழுதுபவரின் கடமை.

கதிர்வீச்சும் அற்புதமும்

நாம் அடிக்கடி எழுதும் இன்னொரு தொடர், "அணுக்கதிர்வீச்சால் புதிய பூ உருவாக்கப்பட்டது" என்பது. கோ 2 பிச்சி, கோ 1 பிச்சியிலிருந்து தூண்டப்பட்ட சடுதிமாற்றத்தால் கிடைத்த ரகம். காமாக் கதிர் போன்றவை இத்தகைய மாற்றங்களைத் தூண்டப் பயன்படுகின்றன. ஆனால் கதிர் சிற்பியின் உளி அன்று. அது செல்லிலுள்ள மரபுப் பொருளைக் கண்மூடித்தனமாகச் சேதப்படுத்துகிறது. மாறிய செடிகளில் பெரும்பாலானவை பயனற்றவை. பொறுமையாக வளர்த்து, ஒதுக்கி, தேர்ந்தெடுத்து, மீண்டும் வளர்த்துப் பார்க்கும் மனிதரே புதிய ரகத்தைத் தருகிறார்.

மேலும், மாற்றம் சில வேளைகளில் தண்டு நுனியின் ஒரு செல் அடுக்கில் மட்டும் நிகழும். அத்தகைய கிளை பிற்பாடு பழைய பூவுக்கே திரும்பிவிடலாம். "கதிர்வீச்சால் பிறந்தது" என்று வியந்து நின்றுவிட்டால் வாசகர் அற்புதத்தைக் காண்கிறார், அறிவியலைக் காணவில்லை. "எத்தனை தலைமுறைக் குச்சிகளில் இந்தப் பண்பு மாறாமல் வந்தது?" என்ற கேள்விக்கு விடை எழுதினால்தான் அது அறிவியல் செய்தி.

பெயர்ப் பட்டியலின் பாடம்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயர்களை அடுக்கியிருக்கிறார் என்பதை நாம் பெருமையோடு சொல்கிறோம். பெருமை தகும். ஆனால் அவற்றுள் பல பெயர்கள் இன்று எந்தச் செடியைக் குறிக்கின்றன என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பி.எல். சாமி போன்றோர் சங்க இலக்கியச் செடிகொடிகளை அடையாளம் காணவே தனி நூல் எழுத வேண்டியிருந்தது. கவிஞரின் வேலை வேறு. அவரிடம் இலக்கணம் கேட்க நமக்கு உரிமை இல்லை. அறிவியல் எழுதும் நமக்கு அந்தச் சலுகை கிடையாது. விளக்கம் இல்லாத பெயர் காலப்போக்கில் தன் பூவை இழந்துவிடுகிறது என்பதே இதிலுள்ள பாடம்.

சட்டம் கேட்கும் கேள்விகள்

வருணனைக்கு இன்று சட்ட மதிப்பும் உண்டு. 2001-ஆம் ஆண்டின் தாவர ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின்படி, புதிதாக உருவாக்கிய ரகத்துக்குப் பதிவு பெறலாம். மரம், கொடிகளுக்கு 18 ஆண்டுகள் வரையும், மற்றப் பயிர்களுக்கு 15 ஆண்டுகள் வரையும் உரிமை நிலைக்கும். பதிவுக்கு முன் மூன்று கேள்விகள் கேட்கப்படும். ஏற்கெனவே உள்ள ரகங்களிலிருந்து இது தெளிவாக வேறுபடுகிறதா? செடிக்குச் செடி ஒரே சீராக உள்ளதா? மீண்டும் மீண்டும் பெருக்கினாலும் மாறாமல் நிற்கிறதா? தனித்தன்மை, சீர்மை, நிலைப்பு என்று இவற்றைச் சுருக்கலாம்.

இச்சட்டத்தின் சிறப்பு, விஞ்ஞானிக்கு மட்டுமன்றி உழவருக்கும் தம் ரகத்தைப் பதிவு செய்யும் உரிமை தந்திருப்பது. தோட்டத்தில் தற்செயலாக ஒரு கிளையில் புதுநிறப் பூ மலர்வது அரிய செய்தி அன்று. அதைக் கண்டவர் குச்சி எடுத்துப் பெருக்கி, அண்டை வீட்டாருக்கும் கொடுத்துவிடுவார். பிற்பாடு வேறொருவர் அதற்குப் பெயர் சூட்டி விற்றால், "இது என் தோட்டத்தில் தோன்றியது" என்று சொல்ல அவரிடம் என்ன இருக்கும்? நாள் குறித்து எழுதிய ஒரு விளக்கம் இருந்தால் அவருக்குப் பிடிமானம் உண்டு. அத்தகைய விளக்கத்தை எவ்வாறு எழுதுவது என்பதற்குத் தமிழில் முன்மாதிரி காட்ட வேண்டியவர்கள் நாம். "கண்ணைக் கவரும்" என்பதையே நாம் முன்மாதிரியாகக் காட்டினால் அவர் கதி என்ன?

"உழவருக்கு வேண்டியது விளைச்சல், நிற எண்ணும் குரோமோசோமும் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். விளைச்சல் வேண்டும்தான். ஆனால் எந்தச் செடியின் விளைச்சல் என்று தெரியாவிட்டால் அந்த எண் யாருக்கு உரியது? முதலில் ஆள் யார் என்று தெரிய வேண்டும். பிறகே அவர் வருமானத்தைப் பேசலாம்.

எனவே மாணவர்களே, அடுத்த முறை புதிய பூ ரகம் பற்றிய செய்தியைப் படிக்கும்போது கையில் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் யார், எம்முறையில் பெறப்பட்டது, மிக நெருங்கிய பழைய ரகத்திலிருந்து எதில் வேறுபடுகிறது, எத்தனை செடிகளில் எந்தப் பருவத்தில் அளந்தார்கள், அதன் பலவீனம் என்ன என்று ஐந்து கேள்விகளை ஓரத்தில் எழுதி, விடை உள்ளவற்றுக்குக் குறி இடுங்கள். குச்சியால் பெருகும் ரகத்தில் எல்லாச் செடிகளும் ஒரே செடியின் துண்டுகளே. ஒன்றைத் தாக்கும் வாடல் நோய் எல்லாவற்றையும் தாக்கக்கூடும் என்பதால் கடைசிக் கேள்வியை மறவாதீர்கள். மூன்று குறிகள்கூட விழாத கட்டுரை, இந்த இதழிலேயே வந்திருந்தாலும், ஆசிரியருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிக் கேளுங்கள்.