பெயரில் வாழும் தமிழ்

ஒரு சமுதாயத்தின் இலக்கியத்தை மதிப்பிடப் புகுவோர் அதன் காப்பியங்களையும் கதைகளையும் எடுத்துக்கொள்வர். அச்சமுதாயம் தன் பிள்ளைகளுக்கு இட்ட பெயர்களை எடுத்து எடைபோடுவோர் அரியர். ஆயினும், ஏட்டறிவு இல்லாத எளிய குடும்பமும் தவறாது இயற்றிவிடும் ஒரு படைப்பு உண்டென்றால், அது பிறந்த குழந்தைக்கு இடும் பெயரேயாகும். அப்படைப்பையும் திறனாய்வுக்கு உட்படுத்துவது முறையே.

பாத்துமுத்து, செய்னம்பு, செய்யதம்மாள், அகமதுக்கண்ணு, நாகூர் கனி, பிச்சை மைதீன். இவை நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் தாங்கிய பெயர்கள். இன்று குழந்தை பிறந்த வீடுகளில் இவை வேண்டாப் பெயர்களாகிவிட்டன. உம்மம்மாவின் பெயரைப் பேத்திக்கு இட வேண்டுமென முதியோர் விரும்புகின்றனர். பெற்றோரோ கைப்பேசியில் பெயர்ப் பட்டியலைத் தேடுகின்றனர். பழம்பெயர்கள்மீது அவர்கள் சாட்டும் குற்றங்கள் இரண்டு. அவை நாட்டுப்புறத்தன்மை உடையன என்பது ஒன்று. அரபுச் சொல்லைச் சிதைத்தவையாதலால் அவை முறையான முஸ்லிம் பெயர்கள் அல்ல என்பது மற்றொன்று. இவ்விரண்டாம் குற்றச்சாட்டே கனமானது. அதனை முதலில் ஆராய்வோம்.

இவை சிதைந்த பெயர்கள்தாமா? தமிழில் ஹகர ஒலி இல்லை. ஆகவே ஹஸன் அசன் ஆனார், ஹுஸைன் உசேன் ஆனார். தமிழ்ச் சொல்லின் இறுதியில் வல்லின மெய் நில்லாது. ஆகவே அகமத் அகமது ஆனார், முகம்மத் முகம்மது ஆனார். இணங்காத இரு மெய்கள் அடுத்து வந்தவிடத்து இடையே ஓர் உயிர் புகுந்தது. உத்மான் உதுமான் ஆனார். பிறமொழிச் சொல் தமிழுக்குள் வருங்கால் தன் ஒலியை விடுத்துத் தமிழ் ஒலியை ஏற்க வேண்டும் என்பது, வடசொல்லை முன்னிறுத்தித் தொல்காப்பியர் வகுத்த நெறி. எழுதப் படிக்க அறியாத நம் முன்னோர் அந்நெறியைத் தம் செவியாலேயே கடைப்பிடித்தனர். இதனைச் சிதைவு என்பது பொருந்தாது, இது மொழியாக்கம்.

புலவர் பெருமக்களும் இவ்வழியே சென்றனர். பதினேழாம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடியவர் தம்மை உமறு என்றே வழங்கினார். அவரை ஆதரித்த கீழக்கரை வள்ளலின் இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர். அப்பெயர் முழுவதும் தமிழ் நாவில் உருண்டு திரண்டு சீதக்காதி ஆயிற்று. அவ்வள்ளலின் ஈகையைப் போற்றும் பழமொழியைச் சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் இன்றும் சொல்கின்றனர். பெயர் அவர்கள் நாவுக்கு இசைந்திருந்ததும் இதற்கு ஒரு காரணமன்றோ?

இது தமிழகத்திற்கு மட்டும் உரிய வழக்கமன்று. துருக்கியர் முகம்மத் என்பதை மெஹ்மத் என்றும், ஆயிஷாவை அய்ஷே என்றும் வழங்குவர். மேற்கு ஆப்பிரிக்காவில் முகம்மத் மமது ஆனார்; பாத்திமா பத்து ஆனார். அவர்களுடைய இஸ்லாத்தை யாரும் ஐயுறுவதில்லை. அதற்கும் மேலே சென்று பார்ப்போம். இப்ராஹீம், யூசுப், மூஸா முதலிய நபிமார்களின் பெயர்கள் அரபு மண்ணில் தோன்றியவை அல்ல. அவையும் வேற்றுமொழியிலிருந்து வந்து அரபு ஒலியை ஏற்றவையே. அரபுமொழி செய்ததைத் தமிழ் செய்தால் மட்டும் அது குற்றமாகுமா?

இனி, நாட்டுப்புறத்தன்மை என்னும் குற்றச்சாட்டு. கோட்டாற்றுப் பெரும்புலவர், 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டியவர், செய்குத்தம்பிப் பாவலர். ‘செய்கு’ அரபு, ‘தம்பி’ தமிழ். ஒரே பெயரில் இரண்டும் உடன்பிறப்புகளாக நிற்கின்றன. தோப்பில் முஹம்மது மீரான் 1988இல் வெளியிட்ட ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் வரும் முதலாளியின் பெயர் அகமதுக்கண்ணு. அக்கதைமாந்தருக்கு வெறுமனே அகமது என்று பெயரிட்டிருந்தால் அவர் எவ்வூரிலும் வாழக்கூடியவராகியிருப்பார். ‘கண்ணு’ சேர்ந்ததும் தென்கோடிக் கடற்கரையும் அதன் பேச்சும் கண்முன் எழுகின்றன. நாகூர் கனி என்றால் ஒரு தாயின் நேர்ச்சையும், பிச்சை மைதீன் என்றால் முன்பிறந்த குழந்தைகளை இழந்த வீட்டின் துயரமும் தெரிகின்றன. வாழ்வை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் சொற்களை நாட்டுப்புறம் என ஒதுக்குவது இலக்கிய நயம் அறியாமையே.

எனினும், பழமை என்பதற்காகவே எல்லாவற்றையும் போற்றிவிட முடியாது. பெயருக்கு இஸ்லாம் வைத்த அளவுகோல் பொருளே. உமர், காலித், கதீஜா ஆகியோர் இஸ்லாத்தைத் தழுவிய பின்னரும் முன்னைப் பெயராலேயே விளங்கினர். பொருளில் பழுதில்லை என்பதே காரணம். ‘மாறு செய்பவள்’ எனப் பொருள்படும் ஆஸியா என்ற பெயருடைய பெண்ணுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஜமீலா எனப் பெயர் மாற்றினார்கள். பிர்அவ்னின் துணைவியாரான இறைநேசச் செல்வியின் பெயரும் ஆஸியாவே. ஆனால் அரபில் அதன் எழுத்தும் வேறு, பொருளும் வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே பெயரிடுவோர் பொருளைக் கேட்டறிவது கடமை.

இவ்வளவுகோலால் அளந்தால் நம் பழைய வழக்கத்திலும் குறை உண்டு. அப்துல் காதிர் என்பவரை ‘அப்துல்’ என்று நிறுத்தினால் ‘இன்னாரின் அடிமை’ என்பதில் இன்னார் யாரென்பது விடுபடுகிறது. ‘காதர்’ என்று மட்டும் அழைத்தாலோ இறைவனுக்குரிய பெயரை அடியானுக்குச் சூட்டியதாகிறது. இதனைத் திருத்திக்கொள்ள வேண்டும். தந்தை இட்ட பெயர் என்னும் பிடிவாதமும் எப்போதும் நன்றன்று. ‘கரடுமுரடு’ எனப் பொருள்படும் ஹஸ்ன் என்ற பெயருடையவரிடம், ‘எளிமை’ எனப் பொருள்படும் ஸஹ்ல் என்ற பெயரை நபிகள் நாயகம் (ஸல்) வழங்க முன்வந்தார்கள். தந்தை இட்டதை மாற்றேன் என அவர் மறுத்துவிட்டார். அக்கடுமை தம் குடும்பத்தை விட்டு நீங்கவில்லை என அவருடைய பேரர் பிற்காலத்தில் வருந்தியதாக நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன.

இதே அளவுகோலை இன்றைய புதுப்பெயர்களுக்கும் வைப்போமாக. ‘வேறெவருக்கும் இல்லாத பெயர்’ என்பதே பலருடைய தேர்வாக இருக்கின்றது. பொருள் கேட்டால் பெற்றோரே விழிக்கின்றனர். பெற்ற பாட்டியால் உச்சரிக்க இயலாத பெயரைப் பேத்தி சுமக்கின்றாள். பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயரும் வீட்டில் வேறு பெயருமாக அவள் வளர்கின்றாள். மாமனார் பெயரைச் சொல்லத் தயங்கிய மருமகள், அப்பெயர் தாங்கிய மகனைத் ‘தம்பி’ என்றும் ‘ராசா’ என்றும் அழைத்த காலம் ஒன்றிருந்தது. அன்று இரண்டாம் பெயரைத் தந்தது மரியாதை. இன்று அதனைத் தருவது அந்நியம்.

பிள்ளைக்குப் புதுப்பெயர் இடும் உரிமை பெற்றோருக்கு உண்டு; அதனை யாரும் பறிக்க வேண்டா. பழம்பெயரை நாணத்தால் விலக்குவது மட்டுமே தவறு. ஏழாம் நாள் அகீகாவுக்குப் பெயர் தேடுவோர், பட்டியலைத் திறக்குமுன் வீட்டிலுள்ள முதியோரிடம் நான்கு தலைமுறைப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அவற்றின் பொருளை ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளியட்டும். பாத்திமா என்று பதிவு செய்யுமிடத்தில் ‘முத்து’ என்பதையும் சேர்த்து எழுத அஞ்ச வேண்டியதில்லை.