வனைதலும் புனைதலும்

பெர்னார்ட் லீச் எழுதிய 'எ பாட்டர்ஸ் புக்' என்ற நூலை, நாவலைப் படிப்பதுபோல முதல் பக்கத்திலிருந்து நான் படிக்க ஆரம்பித்தேன். அது தவறு. 1940-ல் வெளிவந்த இந்த நூலை, சக்கரத்தின் முன் உட்காரும் ஆசையோடு எடுப்பவன் முதல் அத்தியாயத்தைக் கடைசியில்தான் படிக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். காரணத்தைச் சொல்லுகிறேன்.

லீச் 1887-ல் ஹாங்காங்கில் பிறந்த ஆங்கிலேயர். செப்புத் தகட்டில் சித்திரம் செதுக்கும் வித்தையைக் கற்பிக்க 1909-ல் ஜப்பான் போனவர், 1911-ல் ஒரு விருந்தில் மண்கலம் ஒன்றில் விளையாட்டாகச் சித்திரம் தீட்டினார். அதைக் கண்ணெதிரே சூளையிலிட்டு எடுத்தார்கள். அன்றோடு அவர் தொழில் தீர்மானமாகிவிட்டது. ஆறாவது கென்ஸான் என்ற முதியவரிடம் சிஷ்யராக இருந்து கற்றுக்கொண்டு, 1920-ல் ஹமாதா என்ற நண்பரோடு இங்கிலாந்து திரும்பி, செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில் பட்டறை போட்டார். இருபது வருஷம் மண்ணோடு போராடிய பிறகு எழுதிய நூல் இது. அந்த உழைப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

ஆனால் முதல் அத்தியாயத்தில் அவர் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்துவிடுகிறார். சீனத்தின் ஸுங் காலத்துக் கலங்களே சிகரம். அதைக் கொண்டே மற்றதை அளக்கவேண்டும் என்கிறார். இருக்கலாம். ஆனால், ஒரு கிண்ணமும் வனையாதவன் கையில் இந்த அளவுகோலைக் கொடுத்தால் என்ன ஆகும்? கை தொடங்குமுன்பே கண் அவனைக் கேலி செய்ய ஆரம்பித்துவிடும்.

எனக்கு அதுதான் நேர்ந்தது. எங்கள் பக்கத்து வேளார் ஒருவரிடம் கற்றுக்கொள்ளப் போனேன். லீச்சின் சக்கரத்தைக் காலால் ஓயாமல் ஓட்டலாம். எங்கள் ஊர்ச் சக்கரத்தைக் கோலால் சுழற்றிவிட்டுக் குனிந்தால், வேகம் தணிவதற்குள் வேலை முடியவேண்டும். நான் மண்ணை நடுவுக்குக் கொண்டுவருவதற்குள் சக்கரம் ஓய்ந்துவிடும். அவசரப்பட்டுச் சுவரை மேலே இழுத்தால் முறுக்கிக்கொண்டு சாயும்.

"முழங்கையை முட்டியிலே ஊனுங்க ஐயா. கை ஆடாம இருந்தா மண்ணு தானா அடங்கும்" என்றார் வேளார்.

வீட்டுக்கு வந்து வனைதல் பற்றிய பகுதியைப் படித்தேன். அதே பாடம்தான், படங்களோடு, படிப்படியாக. மண்ணைப் பிசைவது, நடுவில் நிறுத்துவது, குழித்துத் திறப்பது, சுவரை எழுப்புவது என்று போகிறது. இங்கே லீச் தீர்ப்புச் சொல்லவில்லை. கூட உட்கார்ந்திருக்கிறார். நூலின் உயிர் இந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. கையால் அறிந்ததைச் சொல்லும்போது அவர் வசனம் தெளிகிறது. லக்ஷியம் பேசும்போது கனத்துவிடுகிறது.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. நூலுக்கு முன்னுரை எழுதிய இருவரில் ஒருவர் யானகி. பெயரறியாத தொழிலாளியின் கைவேலையே உயர்ந்த அழகு என்பது அவர் கொள்கை. லீச்சும் ஏறக்குறைய அதே கட்சிதான். ஆனால் லீச் தம் கலங்களில் தம் பெயரின் முதலெழுத்துக்களை முத்திரையாக வைத்தார். இந்த நூலைப் படித்துச் சக்கரத்தில் உட்கார்ந்த எத்தனையோ பேரும் பெயருள்ள கலைஞர்களாகத்தான் ஆனார்கள். பட்டறையில் வரிசையாகச் சாப்பாட்டுக் கலங்கள் வனையச் செய்து இந்த முரணை லீச் கொஞ்சம் ஈடுசெய்தார் என்பதையும் சொல்லவேண்டும். முழுக்கத் தீர்ந்தது என்று சொல்லமுடியாது.

நூலிலுள்ள ஒரு ஸுங் கலத்தின் படத்தை வேளாரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல கை. யாரு செஞ்சது?"

"பேர் தெரியாது" என்றேன். அதை ஒரு பெருமைபோலச் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது.

"எழுதி வெக்க ஆளில்லாமப் போச்சாக்கும்" என்றார் அவர்.

யானகியின் கொள்கைக்கு இதைவிடக் கூர்மையான பதிலை நான் எங்கும் படித்ததில்லை. பெயரில்லாமை, பெயர் உள்ளவர்களுக்குத்தான் அழகாகத் தெரிகிறது. வேளாரின் மகன் சக்கரத்தைத் தொடுவதில்லை. அவனிடம் போய் இந்த அழகைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் இல்லை.

தமிழில் கலத்தை வனைகிறோம், கதையைப் புனைகிறோம். ஓரெழுத்துத்தான் வித்தியாசம். இரண்டிலும் தரம் பற்றிய பேச்சுக்கு இடம் உண்டு. ஆனால் அது பின்னால் வரவேண்டியது. லீச்சின் நூலை அவசியம் படிக்கலாம். நூறு கலம் சாய்ந்த பிறகு முதல் அத்தியாயத்தையும் படிக்கலாம்.

என்னுடையது இதுவரை நாற்பதுதான் சாய்ந்திருக்கிறது.