கட்டியவன் வெளியே!

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு அருகே, மேரிலாந்து மாநிலத்தில் கிரீன்பெல்ட் என்றொரு நகரம் இருக்கிறது. நகரமைப்பு வரலாறு எழுதுவோர் அதனை ஏற்றமிகு நகரென்று போற்றுகின்றனர். அப்புகழுரை பொய்யன்று, ஆனால் முழுமையும் அன்று. அதனையே ஈண்டு ஆராயப் புகுகிறோம்.

1929இல் பங்குச் சந்தை சரிந்தது. ஆலைகள் அடைபட்டன, உழைத்தவர் வீதிக்கு வந்தனர். ஏழைக்கு வீடு தருவதும் அரசின் கடமையோ என்று செல்வர் சினந்தபோது, கடமையே எனச் செயலால் விடையளித்தது ரூஸ்வெல்ட் ஆட்சி. 1935இல் மறுகுடியமர்த்தும் துறை பிறந்தது. பொருளியல் பேராசிரியர் டக்வெல் அதன் தலைவரானார். அத்துறை எழுப்பிய மூன்று நகரங்களுள் ஒன்றே கிரீன்பெல்ட். 1937இல் மக்கள் குடியேறினர். 885 வீடுகள், செயற்கை ஏரி, பள்ளி, கூட்டுறவுக் கடை, சிறுவர் வண்டிகளுக்கு அஞ்சாமல் செல்லச் சாலைக்கடியில் நடைவழி! இலாப வேட்டையை விலக்கிவிட்டால் எளியவர்க்கும் எழில் இல்லம் கிட்டும் என்பதை அந்நகரம் மெய்ப்பித்தது. வரவேற்கிறோம், பாராட்டுகிறோம்.

ஆனால் அன்பர்களே, அங்கே மண் சுமந்தவர் யார்? வேலையற்றோர்க்கு வேலை தந்து எழுப்பிய நகரம் அது. வெள்ளையரும் உழைத்தனர், கறுப்பரும் உழைத்தனர். குடிபுகும் நாள் வந்தது. விண்ணப்பங்கள் ஐயாயிரத்தைத் தாண்டின. குடும்பத்தின் வருவாயை ஆய்ந்தனர். மனைவி பணிபுரிகிறாளா என்றும் வினவினர். கறுப்பர் குடும்பம் ஒன்றையேனும் சேர்த்தனரா? இல்லை! கல் சுமக்கத் தகுதி பெற்ற தோள், கதவைத் திறக்கத் தகுதியற்றதாயிற்று.

அது காலத்தின் குற்றம் என்று சிலர் தப்பிக்க முயல்வர். காலமா விண்ணப்பத்தைப் படித்தது? காலமா பெயரை அடித்தது? ஆட்சியிலிருந்தோர் செய்தனர்; அதை வரலாறு ஒளிவின்றி உரைத்தல் வேண்டும்.

இக்கொடுமை நமக்குப் புதிதோ? கோயிலைக் கட்டியவன் வெளியே நின்று கோபுரம் பார்த்த நாடு இது! கிரீன்பெல்ட்டில் விளக்கேற்றிய அதே 1937இல், கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆட்சி நடந்தது. மலையாளிப் பழங்குடியினர் கூலியின்றி உழைத்தனர். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்து, 1976இல்தான் அம்மலை முழுமையாக அரசின் கைக்கு வந்தது.

1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகள்: ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. யாருக்கு அருகில் யார் வாழ்வது என்பதையே அத்திட்டம் முதற் கணக்காக்கியது. டக்வெல்லின் துறை போடத் தவறிய கணக்கு அது! ஆயினும் அந்த நூறு வீடுகளோடு நிறைவு கொள்ளலாமா? அவற்றுக்கு அப்பால் ஊர் வேறு, சேரி வேறு என்னும் பிரிவு நீடிக்கும் வரை பணி முடிந்ததாகாது.

ஆகவே, கிரீன்பெல்ட்டின் வரலாற்றைப் படிப்போர் வரைபடத்தோடு நில்லாது, குடியேறியோர் பட்டியலையும் கேட்டுப் பார்க்கட்டும். நாளை கல்வராயன் மலையில் ஓர் அரசுக் குடியிருப்பு எழுந்தாலும் நாம் கேட்கவேண்டிய கேள்வி அதுவே: சுவர் எழுப்பிய மலைமகன் கையில் திறவுகோலும் பட்டாவும் சேர்ந்தனவா?