ராசியா? வாரிசா?

பெரம்பலூர் நகருக்கு இரயில் இல்லை, அரியலூருக்கு உண்டு. ஆயினும் கோடம்பாக்கம் இவ்விரண்டு ஊர்களுக்கும் ஒரே தொலைவில்தான் இருக்கிறது: எட்டாத் தொலைவில்! மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மண்ணிலும், சுண்ணாம்புக்கல்லை வெட்டிச் சிமெண்டாக்கும் ஊரிலும் பிறந்த இளைஞன், வெள்ளித்திரையிலே தன் வயதொத்த ஒருவனைக் கண்டதும் கிறங்குகிறான். "அவனுக்கு ராசி அடித்தது, எனக்கு என்றைக்கோ?" என்று ஏங்குகிறான். அந்த ராசி என்ற சொல்லைத்தான் உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2002இல் வந்தது 'துள்ளுவதோ இளமை'. பள்ளிப் பருவத்தின் மனக்குழப்பத்தை எடுத்துக்காட்டுகிறோம் என்று கூறிக்கொண்டு, அக்குழப்பத்தையே காசாக்கிய படம். அதிலே அறிமுகமானவர் தனுஷ். அதிலேயே அறிமுகமானவர் அபிநய். முன்னவர் 'ஆடுகளம்', 'அசுரன்' ஆகிய படங்களுக்காக இருமுறை சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றார். பின்னவர் சில படங்களோடு ஒதுங்க நேர்ந்தது. 2012இல் 'துப்பாக்கி' படத்தின் வில்லனுக்குப் பின்னணிக் குரல் தந்தார். முகம் வேண்டாம், குரல் மட்டும் போதும் என்றது திரையுலகம்! கல்லீரல் நோய் பற்றியபோது மருத்துவச் செலவுக்குப் பிறர் உதவியை நாடினார். 2025 நவம்பரில் மறைந்தார்.

ஒரே படம்; ஒரே வெளியீட்டு நாள்; ஒரே கைதட்டல். பின் ஏன் இந்த வேறுபாடு? கோள்களைக் கேட்டால் விடை வராது; படத்தின் பெயர்ப்பட்டியலைக் கேளுங்கள், வரும். இயக்குநராக அதிலே காணப்படும் கஸ்தூரி ராஜா, தனுஷின் தந்தை. கதை எழுதிய செல்வராகவன், தமையன். மறு ஆண்டே அந்தத் தமையனின் இயக்கத்தில் 'காதல் கொண்டேன்' வந்துவிட்டது. முதல் படம் எவருக்கும் கிட்டலாம், தோழர்களே! இரண்டாம் படம் எவருக்குக் கிட்டுகிறது என்பதே கேள்வி. அப்பன் தொழிலை மகன் செய்யட்டும் என்ற குலக்கல்வித் திட்டத்தை 1953இல் எதிர்த்து, மறு ஆண்டே வீழ்த்திய நாடு இது. திரையிலே மட்டும் அதற்கு மாலை போட்டு வரவேற்கிறோம்!

வாரிசாய்ப் பிறந்தால் போதுமா என்றால், போதாது. 2004இல் '7ஜி ரெயின்போ காலனி'யில் வந்த ரவி கிருஷ்ணா, தயாரிப்பாளர் ஏ. எம். ரத்னத்தின் மகன். 2011இல் 'ஆரண்ய காண்டம்' படத்தில் சப்பை என்னும் அடங்கி ஒடுங்கிய பாத்திரத்தை அருமையாகச் செய்தார். அதன் பிறகும் நிலைக்கவில்லை. பிறப்பு கதவைத் திறக்கும்; நாற்காலி தராது. தனுஷ் தம் நாற்காலியை நடிப்பால் பெற்றார் என்பதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் கதவே திறக்காதவனின் நடிப்பை யார் கண்டார்?

2003இல் ஷங்கரின் 'பாய்ஸ்'. மாதர் அமைப்புகள் கண்டித்தன, கண்டித்தது சரியே. அதிலே வந்த ஐவரில் சித்தார்த், மணிரத்னத்திடம் உதவி இயக்குநராகத் தொழில் பயின்றவர். தமன் மேளம் பயின்றவர். இசையமைப்பாளராகித் தெலுங்குப் படமொன்றுக்குத் தேசிய விருதே பெற்றார். கையில் தொழில் இருந்தவர்கள் அவர்கள். மணிகண்டனின் பெயரோ மெல்ல மறைந்தது. அந்நாளில் வேறு 'பாய்ஸ்' இருந்தார்கள். பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள்! 1952இல் 'பராசக்தி'யில் தோன்றிய சிவாஜி கணேசன் புதுமுகமே தவிர, புது நடிகர் அல்லர். சிறு வயது முதல் நாடக மேடையில் புடம் போடப்பட்டவர். அக்கம்பெனிகளின் கொடுமைகள் தனிக் கதை. ஆனால் பயிற்சி இருந்தது. இன்றைய இளமைப் படமோ முகத்தை வாங்குகிறது, பயிற்சி தருவதில்லை.

பரத் குறித்து ஒரு வருத்தம் உண்டு. 'காதல்' (2004) படத்தில் அவர் மதுரை மெக்கானிக்காகவே வாழ்ந்தார். சாதி வெறி ஒரு மனிதனின் அறிவையே பறிக்கும் கொடுமையை, வசனமின்றி, கண்ணாலே காட்டினார். 'வெயில்' படமும் நன்று. பின்னர் பத்துப் பேரை ஒருவராய் அடிக்கும் வீரர் வேடத்துக்குப் போனார். நடிகர் தேய்ந்தார், வீரரும் வளரவில்லை.

பெண்களின் கதை இன்னும் கொடிது. அதே படத்தின் நாயகி 'காதல்' சந்தியா ஆனார். படத்தின் பெயர் முன்னொட்டாக ஒட்டிக்கொண்டது. அதற்கு ஈடான வேடம் மட்டும் அவரைத் தேடி வரவில்லை. ஐம்பது வயது நாயகன் கல்லூரி மாணவனாக வரலாம். முப்பது வயது நாயகி அக்காள் ஆகிவிட வேண்டும். இதற்கும் ராசியா காரணம்?

பெரம்பலூர், அரியலூர்ப் பிள்ளைகளின் வாழ்வுக்கு மிக அருகில் வந்த இளமைப் படம், 2007இல் பாலாஜி சக்திவேல் எடுத்த 'கல்லூரி'. அரசுக் கலைக்கல்லூரிக்குச் சில்லறையை எண்ணிக்கொண்டு வரும் ஏழை மாணவர்கள். 2000இல் தர்மபுரியில் பேருந்தோடு மாணவியர் எரிக்கப்பட்ட கொடுமையை நினைவூட்டும் முடிவு. பெரும்பாலோர் புதுமுகங்கள், நம் தெருவில் காணும் கறுத்த முகங்கள். அவர்களிடையே, முன்பே சில படங்களில் நடித்திருந்த, மும்பையிலிருந்து வந்த வெள்ளை முகம் தமன்னா. அவர் உழைப்பாளி, அவர்மீது குறையில்லை. ஆனால் அப்படத்திலிருந்து இந்தியா முழுவதும் அறிந்த நட்சத்திரமாக எழுந்தவர் அவர் ஒருவரே. பரணிக்கு 'நாடோடிகள்' கிட்டியது. மற்றக் கறுத்த முகங்களுள், அதிலும் அந்தப் பெண்களுள், எவரையேனும் அடுத்த படத்தின் சுவரொட்டியில் நாயகியாகக் கண்டீர்களா?