கேமரன் மலைக் கதைகளில் குடும்பப் பெயர் தேடி

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் நடக்கும் நாவல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது டான் துவான் எங் எழுதிய 'தி கார்டன் ஆஃப் ஈவினிங் மிஸ்ட்ஸ்'. 2012இல் வெளிவந்து, அவ்வாண்டுக்கான மேன் ஆசிய இலக்கியப் பரிசைப் பெற்றது. அதில் மஜுபா தோட்டத்தின் முதலாளி மேக்னஸ் பிரிட்டோரியஸ். மலாயாக் கதைகளில் வரும் துரைமார் பெரும்பாலும் ஆங்கிலேய, ஸ்காட்லாந்துப் பெயர்க்காரர்கள். நிஜத்தில் அந்த மலையில் போ தோட்டத்தை 1929இல் தொடங்கியவரும் ஒரு ரஸ்ஸல்தான். அந்த வரிசைக்குள், தென்னாப்பிரிக்காவின் டச்சு வழிவந்த போயர்களின் குடும்பப் பெயர் ஒன்று எங்கிருந்து வந்தது?

நாவலாசிரியர் கேப் டவுனில் படித்தவர். ஆண்ட்ரீஸ் பிரிட்டோரியஸ், 1838இல் ஜூலு படையை வென்ற போயர் தலைவர். பிரிட்டோரியா நகரம் அவர் பெயரைத் தாங்கியது. மஜுபா, 1881 பிப்ரவரி 27 அன்று போயர்கள் பிரிட்டிஷ் படையை முறியடித்த குன்று. ஆக, பிரிட்டிஷ் ஆட்சி நடக்கும் மலையில், பிற்பாடு பிரிட்டனிடம் தோற்றுப்போன இனத்தைச் சேர்ந்த ஒருவர், பிரிட்டன் தோற்ற இடத்தின் பெயரைத் தன் தோட்டத்துக்குச் சூட்டியிருக்கிறார். ஜப்பானிய முகாமில் வதைபட்ட தியோ யுன் லிங், ஜப்பானியத் தோட்டக்கலைஞர் அரிதோமோவிடம் வேலை கற்க வருவதுதான் கதை. பகையை எவ்வளவு காலம் சுமப்பது என்ற அவளுடைய கேள்விக்கு, பக்கத்துத் தோட்டத்துக்காரரின் பெயரே ஒரு முன்கதையாக நிற்கிறது.

அதே எழுத்தாளரின் 'தி ஹவுஸ் ஆஃப் டோர்ஸ்' (2023) வேறொரு தடத்தில் போகிறது. பினாங்கில் சாமர்செட் மாமுக்கு விருந்தளிக்கும் பெண் லெஸ்லி ஹேம்லின். மாமின் 1926ஆம் ஆண்டுத் தொகுப்பான 'தி காசுவரினா ட்ரீ'யைப் புரட்டினால் ஒரு கதையில் திருமதி ஹேம்லின் இருக்கிறார். இன்னொன்றில், கொலை செய்த லெஸ்லி கிராஸ்பி. கிராஸ்பிக்குப் பின்னால் நிஜமான ஒருத்தி: 1911இல் கோலாலம்பூரில் ஒருவரைச் சுட்டுக் கொன்ற எதெல் பிரவுட்லாக். மாம் மறைத்த பிரவுட்லாக்கை இந்த நாவல் சொந்தப் பெயரோடு உள்ளே கொண்டுவருகிறது. வெள்ளையர் வீட்டுக் கதைகளில் குடும்பப் பெயர் இப்படி நூற்றாண்டு தாண்டியும் தடம் விடும்.

கொழுந்து பறிப்பவர்களிடம் வந்தால் இந்தத் தேடல் முட்டி நின்றுவிடுகிறது. பெயர்ப் பதிவில் ஒருவர் முனியாண்டி அனாக் லெலாக்கி பெரியசாமி, அதாவது பெரியசாமியின் மகன் முனியாண்டி. அவர் மகன் வேலு அனாக் லெலாக்கி முனியாண்டி. பெரியசாமி அந்தத் தலைமுறையிலேயே ஏட்டிலிருந்து போய்விடுகிறார். ஆங்கில நாவலில் தோட்டத் தமிழர் பெரும்பாலும் பின்னணியாகவே நிற்பதற்கு எழுத்தாளரின் அக்கறையின்மை மட்டும் காரணமல்ல என்று நினைக்கிறேன். குடும்ப வரலாற்றைப் பெயரில் வைக்கத் தெரிந்த புனைவுக்கு, பெயரில் அதை வைக்காதவர்களை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை.

பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன. ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' (1959) நாவலில் பினாங்கு வட்டிக்கடை முதலாளியை வானாயீனா என்றே அழைக்கிறார்கள். கடையின் அடையாள எழுத்துகளான மார்க்காவே ஆளுக்குப் பெயர். கெடா மாநிலத்தில் பிறந்த கே.எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' (1981) நாவலில், பிள்ளைகளோடு கடல் தாண்டி வந்த பாட்டி பெரியதாய், தகப்பன் நைனா. பதிவேடு கேட்கும் பெயர்களாக இவை ஒலிக்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பம் எந்தப் பக்கத்திலிருந்து, என்ன பேச்சோடு வந்தது என்பதை அந்த 'நைனா' சொல்லிவிடுகிறது. ம. நவீனின் 'பேய்ச்சி' (2019) இன்னும் ஆழத்துக்குப் போகிறது: அங்கே தலைமுறைகளைக் கட்டிவைப்பது கூடவே கப்பலேறி வந்த தெய்வம். அந்த நாவலை மலேசிய அரசு 2020இல் தடை செய்தது.

மலேசியத் தமிழ்ப் புனைவுக்குப் பாத்திரப் பெயரடைவு ஒன்று அவசியம் வேண்டும். ஆங்கில முறைப்படி கடைசிப் பெயரை அகரவரிசையில் அடுக்கினால் அதில் தகப்பன்மார்தான் மிஞ்சுவார்கள். பெரியதாய்க்கு அதில் ஒரு வரிகூடக் கிடைக்காது. உறவுமுறை, மார்க்கா, குலசாமி, கங்காணி கிராணி போன்ற வேலைப்பட்டம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி ஒதுக்கி அதைத் தொகுக்க வேண்டும்.